இந்த வருஷமாவது ஜெயிக்குமா?

பிப்ரவரி பாதி ஆனதும் அமெரிக்காவில் ஒரு வினோதம் நடக்கும். வடக்கே பாஸ்டனிலும் சிகாகோவிலும் டெட்ராயிட்டிலும் ரோட்டோரம் பனி குவிந்து கிடக்கும். மைதானங்கள் பூட்டியிருக்கும். ஆனால் ஆபீஸிலும் பாரிலும் ரயிலிலும் ஜனங்கள் பேஸ்பால் பேச ஆரம்பித்திருப்பார்கள். காரணம், அந்தச் சமயத்தில்தான் வெயில் அடிக்கிற ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம்கள் திறக்கின்றன. முதலில் வருகிறவர்கள் பந்தை எறிகிற பிட்சர்களும் அதைப் பிடிக்கிற கேட்சர்களும். அவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பதே அங்கே செய்தி. இன்னும் ஒரு பந்துகூட ஆடவில்லை, வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கே அத்தனை சந்தோஷம்!

பேஸ்பால் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மேஜர் லீக்கில் மொத்தம் 30 அணிகள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆட வேண்டும். கிட்டத்தட்ட தினமும் ஒரு மேட்ச். அதில் தேறுகிற 12 அணிகள் அக்டோபரில் பிளேஆஃப் ஆடும். கடைசியில் நிற்கிற இரண்டு அணிகள் வேர்ல்ட் சீரிஸ் ஆடும். ஆறு மாதம் ஓடுகிற இந்தக் கூத்துக்கு முன்னால், குளிர்காலம் முழுக்க ரசிகர்கள் பேசித் தீர்க்கிறார்கள். அந்தக் காலத்தில் கிராமத்துக் கடைகளில் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசிய பழக்கத்தை வைத்து இந்தப் பேச்சுக்கு 'ஹாட் ஸ்டவ்' என்றே பெயர். இப்போது அடுப்பு இல்லை, பேச்சு மட்டும் இருக்கிறது.

என்ன பேசுகிறார்கள்? போன வருஷம் கை வலியால் ஆடாத பிட்சர் இந்த வருஷம் தேறுவானா? புதிதாக வாங்கிய ஆள் விலைக்குத் தகுந்தவனா? கீழ்நிலை லீக்கிலிருந்து வரப்போகிற இருபது வயதுப் பையன் நிஜமாகவே பெரிய ஆளா? தவிர, வருஷா வருஷம் தவறாமல் ஒரு செய்தி வரும். போன வருஷம் சொதப்பிய ஒருவர் பத்து கிலோ குறைத்து, "வாழ்க்கையிலேயே இவ்வளவு ஃபிட்டாக இருந்ததில்லை" என்கிற கோலத்தில் முகாமுக்கு வந்திருப்பார். இதை ரசிகர்களே கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்துகொண்டே நம்பவும் செய்வார்கள் :-)

இந்தப் பேச்சால் என்ன பிரயோஜனம்? சும்மா பொழுதுபோக்கு, வெட்டி ஜோசியம் என்று சொல்பவர்கள் உண்டு. ஜோசியம் என்று பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். கொஞ்சம் கணக்கைப் பாருங்கள்.

ஜோசியம் பலிக்கிறதா?

பேஸ்பால் அளவுக்குப் புள்ளிவிவரம் சேர்த்த விளையாட்டு வேறு எதுவும் இருக்குமா என்பது சந்தேகம். சீசன் தொடங்கும் முன்பே எந்த அணி எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வெளியிடுகிறார்கள். அதில் பேர்போனது 'பெக்கோட்டா'. 2015ஆம் ஆண்டு கான்ஸாஸ் சிட்டி ராயல்ஸ் அணி 72 ஆட்டம்தான் ஜெயிக்கும் என்றது பெக்கோட்டா. அதற்கு முந்தைய வருஷம்தான் அந்த அணி வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றிருந்தது. ராயல்ஸ் 95 ஆட்டம் ஜெயித்து, அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸையும் தூக்கிக்கொண்டு போனது.

2021ல் அரிசோனா டயமண்ட்பேக்ஸ் 110 ஆட்டம் தோற்றது. டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் 102 ஆட்டம் தோற்றது. இரண்டே வருஷம் கழித்து, 2023 வேர்ல்ட் சீரிஸில் மோதிக்கொண்டவர்கள் இதே இரண்டு பேர்தான். ஜெயித்தது ரேஞ்சர்ஸ், அதுவும் அந்த அணியின் வரலாற்றில் முதல்முறையாக.

பணம் கொட்டினால் ஜெயித்துவிடலாமா? நியூயார்க் மெட்ஸ் 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவை 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2025ல் 83 ஆட்டம் ஜெயித்து, பிளேஆஃபுக்குள்கூட நுழைய முடியவில்லை. சரி, ஆறு மாதம் அசத்தினால் கோப்பை நிச்சயமா? அதுவும் இல்லை. 2001ல் சியாட்டில் மாரினர்ஸ் 116 ஆட்டம் ஜெயித்தது. அக்டோபரில் யாங்கீஸிடம் தோற்றுப் போனது. 2025 சீசன் முடிந்த வரையில், அந்த அணி ஒரு தடவைகூட வேர்ல்ட் சீரிஸ் வாசலை மிதித்ததில்லை.

கம்ப்யூட்டருக்கே இந்தக் கதி என்றால் பாரில் உட்கார்ந்து பேசுகிறவர் சொல்வது எந்த மூலைக்கு? இது அந்த ரசிகருக்கும் தெரியும். தெரிந்தும் பேசுகிறார். அப்படியென்றால் பேச்சின் நோக்கம் ஜோசியமாக இருக்க முடியாது.

நம்பிக்கை என்கிற சொத்து

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் எல்லா அணிக்கும் வெற்றி பூஜ்யம், தோல்வி பூஜ்யம். 2024ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. நவீன காலத்தில் அத்தனை ஆட்டம் தோற்ற அணி வேறு கிடையாது. அந்த அணியின் ரசிகருக்கும் 2025 மார்ச்சில் கணக்கு பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பித்தது. "இந்த வருஷமாவது..." என்று இழுக்கிற உரிமை அவருக்கும் உண்டு. வருஷத்தில் சுமார் ஆறு வாரம், பணக்கார அணியின் ரசிகரும் ஏழை அணியின் ரசிகரும் சரிசமமாக உட்கார்ந்து பேச முடிகிறது. இந்த முன்சீசன் பேச்சின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

இந்த நம்பிக்கை ஒரு வருஷத்தோடு முடிகிற சமாசாரமும் இல்லை. அப்பா பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகிற சொத்து மாதிரி. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1918க்கு அப்புறம் ஜெயித்தது 2004ல். 86 வருஷம்! சிகாகோ கப்ஸ் 1908க்கு அப்புறம் 2016ல். 108 வருஷம்! கப்ஸ் ஜெயித்தபோது ரசிகர்கள் ரிக்லி ஃபீல்டு மைதானத்தின் வெளிச்சுவர் முழுக்க சாக்பீஸால் பெயர் எழுதினார்கள். பல பெயர்கள் இறந்துபோன தாத்தாக்களும் அப்பாக்களும் உறவுக்காரர்களும். வாழ்நாள் முழுக்க "அடுத்த வருஷம்" என்று சொல்லியே போய்ச் சேர்ந்தவர்கள். அந்தச் சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர் யாரும் இதை வெட்டிப் பேச்சு என்று சொல்ல மாட்டார்.

ஆக, ரசிகன் தோல்வியைத் தாங்குவான். நூறு வருஷம்கூடத் தாங்குவான். அவனுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். தன்னுடைய அணியும் ஜெயிக்கத்தான் பார்க்கிறது என்று அவன் நம்ப முடிய வேண்டும். சிக்கல் இங்கேதான் வருகிறது.

முயற்சி செய்யாத அணி

இங்கிலாந்து கால்பந்தில் கடைசி இடத்துக்கு வந்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். வருமானம் போய்விடும். அந்தப் பயத்திலாவது முதலாளி ஏதாவது செய்தாக வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் அந்தப் பேச்சே கிடையாது. 120 ஆட்டம் தோற்றாலும் அடுத்த வருஷம் அதே லீக், அதே இடம். தவிர, ஒவ்வொரு அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுக் கணக்கில் போட்டு, அதை 30 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. சின்ன ஊர் அணியும் பெரிய ஊர் அணியோடு போட்டி போட வேண்டும் என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பணத்தை ஆட்டக்காரர்களுக்குத்தான் செலவழித்தார்களா? 2018 பிப்ரவரியில் ஆட்டக்காரர்கள் சங்கமே பிட்ஸ்பர்க், டாம்பா பே, மயாமி, ஓக்லண்ட் என நான்கு அணிகள் மேல் இதைப் பற்றி முறையான புகார் கொடுத்தது.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன் வெற்றியைவிடத் தோல்வியே அதிகமாகக் கண்டது. 1993ல் பிறந்த குழந்தை காலேஜுக்குப் போகிற வரை ஒரு நல்ல சீசனைக்கூடப் பார்த்ததில்லை என்று அர்த்தம். 2013ல் 94 ஆட்டம் ஜெயித்துப் பிளேஆஃபுக்கு வந்தபோது அந்த ஊரே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் கத்தியது. இருபது வருஷக் குப்பைக்கு அடியிலும் நம்பிக்கை உயிரோடுதான் இருந்தது. அதை வைத்து நடந்த வியாபாரம்தான் உறுத்துகிறது.

"சின்ன ஊர், காசு இல்லை, என்ன செய்ய?" என்பது முதலாளிகள் எப்போதும் சொல்கிற பதில். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் மாதிரி ஒரு அணி ஷோஹெய் ஒடானிக்கு 10 வருஷத்துக்கு 70 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்டு, 2024, 2025 இரண்டு வருஷமும் கோப்பையைத் தூக்கும்போது இந்தப் பதில் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 2025ல் 162 ஆட்ட முடிவில் எல்லா அணிகளையும் விட அதிகமாக, 97 ஆட்டம் ஜெயித்தது யார்? மில்வாக்கி ப்ரூவர்ஸ். லீக்கிலேயே மிகச் சின்ன ஊர்களில் ஒன்று. டாட்ஜர்ஸிடம் நான்கு ஆட்டமும் தோற்று வெளியே போனது வேறு விஷயம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அந்த ஊர் ஜனங்களுக்கு ராத்திரி ராத்திரி ஒரு காரணம் இருந்தது.

மறுபக்கம், காசு இருந்தும் மனசு இல்லாத கதையும் உண்டு. 2020 பிப்ரவரியில், அதாவது முகாம்கள் திறக்கிற அதே மாதத்தில், பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன்னுடைய மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்குத் தள்ளிவிட்டது. 2018ல் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் வாங்கியவர். பாஸ்டன் ஏழை அணியா என்ன? அங்கே போய் பெட்ஸ் 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பை பார்த்துவிட்டார். ஆகவே இது ஊரின் அளவைப் பற்றிய விஷயம் இல்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. சில சமயம் வேண்டுமென்றே சில வருஷம் தோற்றால்தான் நல்ல இளம் ஆட்டக்காரர்களைச் சேர்க்க முடியும் என்பார்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011லிருந்து 2013 வரை வரிசையாக 106, 107, 111 ஆட்டம் தோற்றது, 2017ல் ஜெயித்தது. (சிக்னல் திருடித்தான் ஆடினார்கள் என்று பின்னால் தெரிந்தது தனிக்கதை!) கப்ஸும் 2012ல் 101 ஆட்டம் தோற்று, 2016ல் ஜெயித்தது. உண்மைதான். ஆனால் அந்த ரசிகர்களிடம், "நான்கு வருஷம் பொறுங்கள், இன்ன இன்ன பையன்கள் வருகிறார்கள்" என்று சொல்ல ஒரு திட்டம் இருந்தது. பிப்ரவரியில் பேசுவதற்கு அவர்களிடம் பெயர்கள் இருந்தன. திட்டமே இல்லாமல், இருப்பவர்களையும் விற்றுக் காசாக்குவதற்கு 'மறுசீரமைப்பு' என்று பெயர் வைத்துக்கொள்ள முடியாது. வேண்டுமென்றே தோற்பது தொற்றுநோய் மாதிரிப் பரவுகிறது என்று லீக்குக்கே தோன்றித்தான், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் ஆறு இடங்களை 2023லிருந்து குலுக்கலில் முடிவு செய்கிறார்கள்.

ஓக்லண்டில் நடந்தது

இந்த விவகாரம் கடைசியில் எங்கே போய் முடியும் என்பதற்கு ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் உதாரணம். 1972, 73, 74 என மூன்று வருஷம் தொடர்ந்து வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்த அணி. 1989ல் இன்னொன்று. 2002ல் சொற்பச் செலவில் ஆட்டக்காரர்களைச் சேர்த்து 20 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து, 'மனிபால்' என்று புத்தகமாகவும் சினிமாவாகவும் ஆன அணி. காசு குறைவு என்பதை அந்த ஊர் ரசிகர்கள் ஒருபோதும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. புத்தியால் ஜெயிப்போம் என்று பெருமைப்பட்டவர்கள் அவர்கள்.

2022 மார்ச்சில் என்ன நடந்தது? முதலாளிகளுக்கும் சங்கத்துக்கும் சண்டையாகி 99 நாள் பூட்டிக் கிடந்த லீக் அப்போதுதான் திறந்தது. ரசிகர்கள் இனிமேல்தான் பேசவே ஆரம்பிக்க வேண்டும். ஒரே வாரத்துக்குள் கிறிஸ் பாஸிட், மாட் ஓல்ஸன், மாட் சாப்மன் மூன்று பேரையும் வெவ்வேறு அணிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். சீசன் தொடங்கும் முன்பே சீசன் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம், 2023ல், 112 ஆட்டம் தோற்றார்கள். காலரியில் ஆள் இல்லை. "பாருங்கள், ஓக்லண்ட் ஜனங்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்ல அது வசதியாகப் போயிற்று.

அதற்கு ரசிகர்கள் கொடுத்த பதில் அருமையானது. 2023 ஜூன் 13ஆம் தேதி, வராமல் இருப்பதற்குப் பதிலாக எல்லோரும் வந்து எதிர்ப்புக் காட்டுவது என்று தீர்மானித்தார்கள். 27,759 பேர் வந்தார்கள். 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சைச் சட்டைகள். முதலாளியிடம் அணியை விட்டுவிட்டுப் போகச் சொன்ன கூட்டம் அது. அன்றைக்கு அணி ஜெயிக்கவும் செய்தது, தொடர்ந்து ஏழாவது வெற்றி. ஆனால் அதே வாரம் நெவாடா மாநிலம் லாஸ் வேகஸில் புது மைதானம் கட்ட 38 கோடி டாலர் வரை அரசுப் பணம் தருவதற்குச் சட்டம் போட்டது. நவம்பரில் முப்பது அணி முதலாளிகளும் ஓட்டுப் போட்டு இடமாற்றத்தை அனுமதித்தார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

நிர்வாகத்தின் தரப்பையும் சொல்லத்தான் வேண்டும். மைதானம் 1966ல் திறந்தது, பாழடைந்து போயிருந்தது. துறைமுகத்தின் பக்கம் புதிதாகக் கட்ட நகரசபையோடு வருஷக்கணக்கில் பேசியும் ஒன்றும் கூடிவரவில்லை. இருக்கட்டும். மைதானம் பழசானதற்கும் ஆட்டக்காரர்களை மூட்டை கட்டி அனுப்பியதற்கும் என்ன சம்பந்தம்? பழைய மைதானத்திலும் நல்ல அணி ஆடலாமே. அதே மைதானத்தில்தான் 2002ல் 20 ஆட்டம் ஜெயித்தார்கள்.

2024 செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டம். 57 சீசனுக்கு அப்புறம் அணி ஊரைவிட்டுப் போனது. வேகஸ் மைதானம் தயாராகும் வரை சாக்ரமென்டோ பக்கத்தில் ஒரு சின்ன மைதானத்தில் ஆட ஏற்பாடு, அதுவும் ஊர்ப் பெயர் எதுவும் இல்லாமல் வெறும் 'அத்லெட்டிக்ஸ்' என்று. 2025ல் நல்ல இளம் ஆட்டக்காரர்களோடு 76 ஆட்டம் ஜெயித்தார்கள். ஓக்லண்ட்காரர்கள் காத்திருந்தது இதற்குத்தானே? அதைப் பார்க்க அணி அவர்கள் ஊரில் இல்லை.

பேஸ்பாலில் இது புதிதும் அல்ல. ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் 1941லிருந்து 1953 வரை ஐந்து தடவை யாங்கீஸிடம் வேர்ல்ட் சீரிஸ் தோற்றது. "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் ப்ரூக்ளின் ஜனங்களின் தாரக மந்திரம். 1955ல் ஒருவழியாக ஜெயித்தார்கள். 1957 சீசன் முடிந்ததும் அணி லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது. இன்றைக்குக் கோப்பை மேல் கோப்பையாக வாங்குகிற அதே டாட்ஜர்ஸ்தான்.

கேட்க வேண்டிய கேள்வி

ஆகவே முகாம்கள் திறக்கும்போது ரசிகர்கள் தங்களுக்குள் பேச வேண்டிய முதல் விஷயம், எத்தனை ஆட்டம் ஜெயிப்போம் என்பதாக இருக்க வேண்டாம். அது யாருக்கும் தெரியாது, பெக்கோட்டாவுக்கும் தெரியாது. நம் அணி இந்தக் குளிர்காலத்தில் ஜெயிப்பதற்காக என்ன செய்தது என்று கேட்க வேண்டும். யாரை விட்டது, ஏன் விட்டது, வந்த பணத்தை எங்கே போட்டது? இதற்கெல்லாம் பதில் ஏப்ரலுக்கு முன்பே தெரியும். ஜோசியம் தேவையில்லை.

இன்னொன்று. கடைசி இடத்து அணியின் ரசிகரைப் பார்த்து, "இதுக்கெல்லாம் போய் நேரத்தை வீணாக்குகிறாயே" என்று சிரிக்கிற பழக்கத்தை மற்ற அணி ரசிகர்கள் விட்டுவிட வேண்டும். அந்தச் சிரிப்பு யாருக்கு உதவுகிறது? ஓக்லண்டில் ஆள் வரவில்லை என்று சொல்லித்தான் அணியைக் கொண்டுபோனார்கள். இன்றைக்குச் சிரிக்கிற ஊருக்கும் ஒரு முதலாளி இருக்கிறார். அவரும் அன்றைக்கு ஓட்டுப் போட்ட முப்பது பேரில் ஒருவர்தான். மேஜர் லீக்கில் சம்பளத்துக்கு உச்சவரம்பும் இல்லை, குறைந்தபட்சம் இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்ற விதியும் இல்லை. டாட்ஜர்ஸைப் பார்த்து உச்சவரம்பு கேட்கிற ரசிகர்கள், அதே சத்தத்தோடு குறைந்தபட்ச வரம்பையும் கேட்க வேண்டும். முன்னதை முதலாளிகளே கேட்டுக்கொள்வார்கள், அவர்களுக்குக் காசு மிச்சம். பின்னதை ரசிகர்கள்தான் கேட்க வேண்டியிருக்கும்.

ஓக்லண்டில் இப்போது 'பாலர்ஸ்' என்று ஒரு சின்ன அணி இருக்கிறது. மேஜர் லீக் போகப்போகிறது என்று தெரிந்த பிறகு 2023ல் ஆரம்பித்தது. மேற்கு ஓக்லண்டில் ஒரு பூங்காவில் மைதானம். ரசிகர்களே காசு போட்டுப் பங்குதாரர் ஆகலாம் என்று ஏற்பாடு. பயனீயர் லீக் என்கிற சின்ன லீக்கில் ஆடி, 2025ல் கோப்பையும் வாங்கிவிட்டது. மேஜர் லீக் எங்கே, இது எங்கே என்று கேட்கலாம். ஆனால் அந்த ஊரில் பிப்ரவரி வந்தால் பேசுவதற்கு மறுபடியும் ஒரு அணி இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போவதென்றால், பங்கு போட்ட ரசிகர்களிடம் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.